பழைய ஆம்ப்பின் குரலை அப்படியே பிடித்து வைக்க முடியுமா?

லண்டனில் இருக்கும் என் நண்பர் ஒருவர் 1960களின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினார். வாங்கிய அன்று ராத்திரியே வீடியோ காலில் காட்டினார். மேல் துணி கிழிந்திருந்தது, கைப்பிடி ஒன்று இல்லை, ஸ்விட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் ஒரு உறுமல். ஆனால் கிட்டாரைச் சொருகி ஒரு கார்டு வாசித்ததும் எனக்கே, அதுவும் போன் ஸ்பீக்கர் வழியாகவே, ஏதோ செய்தது.

அடுத்த வாரம் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பெரிய கண்டென்சர்கள் எல்லாம் காய்ந்துபோய்விட்டன, மாற்றியே ஆகவேண்டும், இப்படியே ஓட்டினால் ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும் என்று சொல்லிவிட்டார். "மாத்தினா சத்தம் மாறுமா?" என்று இவர் கேட்க, "கண்டிப்பா மாறும்" என்று பதில். அன்றைக்கு ராத்திரி எனக்கு போன்: "மாத்துறதுக்கு முன்னாடி இந்த சத்தத்தை அப்படியே கேப்சர் பண்ணி வெச்சுக்க முடியுமாடா?"

எனக்குத் தொழில் சிக்னல் ப்ராசஸிங். கிட்டார் சுமாராகத்தான் வரும். முடியும் என்றுதான் சொன்னேன். அப்புறம் நாலு மாதம் இருவரும் இதிலேயே கிடந்தோம். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். முழுசாக முடியவில்லை என்பதையும், ஏன் என்பதையும் சேர்த்து.

முதலில், இந்த "கேப்சர்" என்றால் என்ன?

ஒரு கோயில் மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டுங்கள். அந்தச் சின்ன சத்தம் தூண்களில் மோதி, கூரையில் மோதி, நீண்டு கரைந்து போவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது அந்த மண்டபத்தின் ஜாதகம் மாதிரி. எந்தப் பாட்டையும் எடுத்துக் கணக்குப் போட்டு அதோடு கலந்தால், பாட்டு அந்த மண்டபத்துக்குள் பாடியதுபோலவே கேட்கும். இதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். இப்போதெல்லாம் யாரும் கைதட்டுவதில்லை. கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை வழுக்கிக்கொண்டே போகும் ஒரு விசில் சத்தத்தை ஒலிக்கவிட்டு, அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறார்கள். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்சலோ ஃபரினா 2000-ல் விளக்கிய முறை இது.

மண்டபத்துக்கு இது வேலை செய்யக் காரணம், மண்டபம் ஒரு நேர்மையான ஆசாமி. இரண்டு மடங்கு சத்தமாகத் தட்டினால் இரண்டு மடங்கு எதிரொலி. கூடுதலாக எதையும் தானாகச் சேர்ப்பதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால்தான் ஸ்பீக்கரை மட்டும் நகலெடுப்பது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை.

வால்வு ஆம்ப் அப்படி இல்லை. மெதுவாக வாசித்தால் ஒன்று சொல்லும், அழுத்தி வாசித்தால் வேறு ஒன்று சொல்லும். உள்ளே போகாத அதிர்வெண்களெல்லாம் வெளியே வரும். அந்தக் கறைதான் அதன் அழகே. ஏசி30-ல் இது இன்னும் கூடுதல். கென்ட் மாகாணத்தின் டார்ட்ஃபோர்டில் இருந்த ஜேஎம்ஐ நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த ஆம்ப் இது. நான்கு இஎல்84 வால்வுகள். அந்தக் கால ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்களில் பெரும்பாலும் வெளியே வரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்பித் தப்பைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஏசி30-ல் அது இல்லை. கண்டிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி, அழுத்தினால் உடனே குழையும், உடனே மினுங்கும். ஷேடோஸ், பீட்டில்ஸ், பிறகு குயீன் குழுவின் பிரையன் மே என்று இதன் குரலை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம், பெயர் தெரியாமலே.

இப்படிப்பட்டதை டிஜிட்டலில் கொண்டுவர இரண்டு வழிகள். ஒன்று, சர்க்யூட் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ரெசிஸ்டர், ஒவ்வொரு வால்வையும் சமன்பாடாக எழுதுவது. பாட்டியிடம் உட்கார்ந்து வத்தக்குழம்பின் செய்முறையை அளவோடு எழுதி வாங்குவது மாதிரி. புளியைக் கூட்டலாம், காரத்தைக் குறைக்கலாம். இன்னொன்று, செய்முறையைப் பற்றிக் கவலையே படாமல், உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்பதை மட்டும் பார்த்து நகலெடுப்பது. அன்றைக்குச் செய்த குழம்பு அப்படியே கிடைக்கும், ஆனால் புளியைக் கூட்டச் சொன்னால் அதற்குத் தெரியாது. 1998-ல் வந்த லைன் 6 பாட், அந்தச் சிவப்பு அவரைக்கொட்டை வடிவப் பெட்டி, முதல் வழியைப் பரவலாக்கியது. 2011-ல் அறிமுகமான ஜெர்மனியின் கெம்பர் ப்ரொஃபைலர் இரண்டாவது வழியைச் சாதாரண வாசிப்பாளர்கள் கைக்குக் கொண்டுவந்தது.

அதன் பிறகு நியூரல் நெட்வொர்க். ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் 2019, 2020-ல் வந்த ஆய்வுகள், பேச்சொலியை உருவாக்க 2016-ல் டீப்மைண்ட் வெளியிட்ட வேவ்நெட் என்ற அமைப்பைச் சுருக்கி, சாதாரணக் கம்ப்யூட்டரில் உடனுக்குடன் ஓடும் கிட்டார் ஆம்ப்பாக மாற்றலாம் என்று காட்டின. அதே பாதையில் ஸ்டீவன் ஆட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், திறந்த மூலம். நாங்கள் பயன்படுத்தியது அதைத்தான். காசில்லாததும் ஒரு காரணம், உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியும் என்பது பெரிய காரணம்.

செய்முறை ரொம்ப எளிது. சுமார் மூன்று நிமிடம் ஓடும் ஒரு ஒலிக்கோப்பு தருவார்கள். அதில் விசில், இரைச்சல், கிட்டார் துணுக்குகள் எல்லாம் கலந்திருக்கும். அதை ஆம்ப்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்யவேண்டும். இரண்டு கோப்பையும் கொடுத்தால் நெட்வொர்க் பயிற்சி எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு எண் சொல்லும்: அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஆற்றல், அசலின் ஆற்றலில் எத்தனை பங்கு என்று. 0.01 வந்தால் நூற்றில் ஒரு பங்கு, அதாவது பிழை 20 டெசிபெல் கீழே. அதற்கும் கீழே போனால் பொதுவாகக் காதால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

(இங்கே ஒரு எச்சரிக்கை. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இல்லாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதைவிட முக்கியம்: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். மூடியைத் திறக்கிற வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்.)

நாங்கள் செய்த முதல் தப்பு லோடில்தான். அக்கம்பக்கத்தில் சண்டை வேண்டாம் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வெறும் ரெசிஸ்டரால் ஆன லோடு ஒன்றைப் போட்டு எடுத்தோம். சத்தம் செத்துப்போய் வந்தது. ஸ்பீக்கர் என்பது வெறும் 8 ஓம், 16 ஓம் இல்லை. அதன் காந்தச் சுருளும் கூம்பும் சேர்ந்து, தாழ்ந்த ஸ்தாயியில் ஓரிடத்தில் தடையை மலை மாதிரி ஏற்றும். மேல் ஸ்தாயியிலும் தடை ஏறிக்கொண்டே போகும். கண்டிக்க ஆளில்லாத ஆம்ப் என்று சொன்னேனே, அது இந்த ஏற்ற இறக்கத்துக்கு அப்படியே வளைந்து கொடுக்கும். வெறும் ரெசிஸ்டர் முன்னால் அது வளைய எதுவும் இல்லை. ஸ்பீக்கரைப்போல் நடிக்கும் ரியாக்டிவ் லோடு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டதும் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதி எங்கே?

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. நண்பரிடம் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டரின் நகல் ஒன்று இருக்கிறது. அசல், டல்லஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1960களில் விற்ற சின்ன இரும்புப் பெட்டி. காலால் மிதிக்கிற பெடல் இல்லை, ஆம்ப் தலைமேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அயர்லாந்துக்காரர் ரோரி கல்லகர் ஏசி30-க்கு முன்னால் இதைப் போட்டு வாசித்தார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இளைஞரான பிரையன் மே அதே ஜோடியை வாங்கினார். நண்பருக்கு வேண்டியதும் இந்த ஜோடியின் குரல்தான்.

பூஸ்டரையும் ஆம்ப்பையும் சேர்த்தே கேப்சர் செய்தோம். பிழை எண் நன்றாகவே வந்தது. ஆனால் கிட்டாரைச் சொருகி வாசித்தால் காதில் ஊசி குத்துகிறது! அதைவிட மோசம், அசலில் கிட்டாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் கறை விலகிக் கண்ணாடி மாதிரி ஒரு சத்தம் வரும், நகலில் வெறுமனே சத்தம் குறைகிறது, அவ்வளவுதான். எண் சரி என்கிறது, காது இல்லை என்கிறது. யாரை நம்புவது?

இரண்டுமே சரிதான். நாங்கள் நகலெடுத்த சர்க்யூட் முழுசானது இல்லை, அதுதான் விஷயம். கிட்டாரின் பிக்அப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. அதற்கு சில கிலோ ஓம் தடை, சில ஹென்றி அளவுக்கு இண்டக்டன்ஸ் உண்டு. ரேஞ்ச்மாஸ்டரோ உள்ளே வரும் சிக்னலை நன்றாக உறிஞ்சும் ஜாதி. இரண்டையும் இணைத்தால் பிக்அப்பின் சுருள் மேல் ஸ்தாயியின் கூர்மையை வெட்டிவிடும். வால்யூம் குமிழும் இடையில் ஒரு தடையாக நின்று கணக்கையே மாற்றும். அதாவது கிட்டாரும் அந்த சர்க்யூட்டின் ஒரு உறுப்பு. கேப்சர் செய்யும்போது நாங்கள் பூஸ்டருக்குள் அனுப்பியது கம்ப்யூட்டரிலிருந்து வந்த திடமான சிக்னல். எவ்வளவு உறிஞ்சினாலும் அது அசையாது. பிறகு வாசிக்கும்போது கிட்டார் போவது 1 மெகா ஓம் இருக்கும் இன்டர்ஃபேஸ் ஒன்றுக்குள். அது எதையுமே உறிஞ்சாது. ஆக, பூஸ்டரும் கிட்டாரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. சந்திப்பில் நடப்பதுதான் அந்தச் சத்தம் என்றால், அது எங்கிருந்து வரும்?

கேப்சர் செய்யும்போது இடையில் பிக்அப் மாதிரியே ஒரு சுருளைப் போட்டுப் பார்த்தோம். ஊசிக் குத்தல் போனது, வால்யூம் குமிழ் விவகாரம் போகவில்லை. போகவும் போகாது, ஏனென்றால் அந்தக் குமிழ் நகலுக்கு வெளியே இருக்கிறது. கடைசியில் நான் சொன்ன யோசனை ரொம்பச் சாதாரணம்: ரேஞ்ச்மாஸ்டரை நகலெடுக்காதே. ஒரு டிரான்சிஸ்டர், நாலைந்து உதிரி பாகம், உள்ளங்கை அகலம். நிஜப் பெட்டியையே முன்னால் வை, அதற்குப் பின்னால் ஆம்ப்பின் நகலை மட்டும் ஓடவிடு. ஃபஸ் ஃபேஸ் போன்ற பெடல்களுக்கும் இதையே சொல்வேன். இணையத்தில் பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெடல்களின் கேப்சர் என்று கிடைப்பவை பலவும் இதனால்தான் ஏமாற்றுகின்றன. எடுத்தவர் மேல் தப்பில்லை.

ஜெர்மானியத்துக்கு இன்னொரு குணம், சூடு ஆகாது. வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நண்பர் அதே மாதிரி பூஸ்டர் ஒன்றை எனக்கும் அனுப்பிவைத்தார். சென்னை மே மாதத்தில், ஏசி ஓடாத அறையில், அது அவருடையதின் தங்கை மாதிரிகூட இல்லை, ஒன்றுவிட்ட சித்தி மாதிரி ஒலித்தது.

சரி, பூஸ்டர் போகட்டும், ஆம்ப்புக்கு வருவோம். ரியாக்டிவ் லோடு போட்டும், அளவுகளைச் சரிசெய்தும், வால்வுகள் அரைமணி நேரம் சூடான பிறகே எடுத்தும், பிழை எண் 0.01-க்குக் கீழே இறங்க மறுத்தது. உறுமல்தான் காரணம் என்று முதலிலேயே தெரியும். நகலெடுக்கும் நெட்வொர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே போன சிக்னல் மட்டும்தான். கரண்டிலிருந்து வரும் உறுமலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால் அதைக் கற்றுக்கொள்ளாது. நல்லதுதானே, உறுமல் இல்லாத நகல் கிடைக்குமே என்றுதான் நினைத்தோம்.

வாசித்துப் பார்த்த நண்பர் சொன்னார்: "நல்லா இருக்கு, ஆனா இது அது இல்ல." எது இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "மேல வாசிக்கும்போது கீழ யாரோ கூடவே முனகுற மாதிரி இருக்கும்ல, அது இல்ல." எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

இங்கிலாந்தில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை நேர் மின்சாரமாக்கும்போது 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று மிச்சம் இருக்கும். அதை விழுங்குவதுதான் பெரிய கண்டென்சர்களின் வேலை. அவை காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ் அப்படியே வால்வுகளுக்குப் போய், அவற்றின் பலத்தையே ஏற்றி இறக்கும். இப்போது நீங்கள் 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை அழுத்தி வாசித்தால், கூடவே 340, 540 என்று இரண்டு பேய்ச் சுரங்கள் பிறக்கும். எந்த ஸ்வரஸ்தானத்திலும் சேராதவை. ரிப்பேர்காரர்கள் இதை "கோஸ்ட் நோட்" என்றே சொல்கிறார்கள், கண்டென்சர் போனதற்கு அடையாளம் அது. நண்பர் இத்தனை நாளாகக் காதலித்துக்கொண்டிருந்தது ஒரு நோய் அறிகுறியை!

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. அவருக்கு அந்த ஆம்ப்பின் குரல் என்றால் அதுதான். இந்த முறையில் அதை மட்டும் பிடிக்கவே முடியாது. ஒரு சுரம் தொடங்கும் கணத்தில் அந்த 100 ஹெர்ட்ஸ் அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நெட்வொர்க்குக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது பிழையைக் குறைக்க அது செய்யும் ஒரே காரியம், சராசரி எடுப்பது. சராசரியில் பேய் ஓடிவிடும். அதே காரணத்தால்தான் ட்ரெமலோ, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர், டேப் எக்கோ எதையும் இப்படி எடுக்க முடிவதில்லை. உள்ளுக்குள் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கும் எதுவும் இந்த வலையில் சிக்காது. தவிர, இந்த மாடலின் ஞாபகசக்தியும் சிறிசு: வழக்கமான அமைப்பில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பழங்கதைதான் அதற்கு நினைவிருக்கும். பலமாக ஒரு கார்டு அடித்ததும் பவர் சப்ளை மூச்சுவாங்கி மெல்ல நிமிர்வது போன்ற நிதானமான விஷயங்களும் ஓரளவு நழுவிவிடும்.

செய்முறையை எழுதி வாங்கும் வழியில் இது சாத்தியம். லைன் 6 ஹீலிக்ஸின் ஆம்ப் மாடல்களில் "ஹம்", "ரிப்பிள்", "சாக்" என்று தனித்தனி அமைப்புகளே உண்டு. யாரோ ஒருவர் இந்தக் குறையையும் வேண்டுமென்று கேட்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்! நண்பர் அதில் ரிப்பிளை ஏற்றிப் பார்த்தார். பேய் வந்தது, ஆனால் வேறு வீட்டுப் பேய் என்றார்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பீக்கரோடு சேர்த்து எடுக்கும் கேப்சர் என்பது, ஸ்பீக்கருக்கு முன்னால் சில அங்குலம் தள்ளி வைத்த ஷ்யூர் எஸ்எம்57 மாதிரி மைக் கேட்டது. அறையில் நிற்கிற நீங்கள் கேட்டது இல்லை. மைக்கை ஒரு அங்குலம் நகர்த்தினால் குரல் மாறும். "நிஜ ஆம்ப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இல்லையே" என்று மாடலர்களைத் திட்டுகிறவர்கள் பாதிப்பேர் உண்மையில் மைக்கைத்தான் திட்டுகிறார்கள்.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் காப்பாற்றப் பார்த்தது எந்த ஏசி30? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் அது உறுமியிருக்காது, பேய்ச் சுரமும் இருந்திருக்காது. அறுபது வருடத்தில் ரெசிஸ்டர்களின் மதிப்பு நகர்ந்திருக்கிறது, ஸ்பீக்கர் கூம்பு தளர்ந்திருக்கிறது, வால்வுகள் எத்தனை முறை மாறியதோ. ஷேடோஸ் வாசித்தது அன்றைக்குப் புத்தம்புதிதாக இருந்த ஆம்ப்பில். அப்படிப் பார்த்தால் ரிப்பேருக்குப் பிறகு வரும் சத்தம்தான் அசலுக்குப் பக்கத்தில் இருக்கும். "விண்டேஜ் டோன்" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு முதுமைதான், அந்தக் காலம் இல்லை. இதை நண்பரிடம் சொன்னபோது, "பாட்டியோட இருபது வயசு ஃபோட்டோவை காட்டி இதான்டா உன் பாட்டின்னா எப்படி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் செய்தது இது. ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முந்தின சனிக்கிழமை, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக், அறை மூலையில் ஒரு மைக் வைத்து, ஒரு மணி நேரம் சும்மா வாசித்துப் பதிவு செய்துகொண்டார். ஆறு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டும், மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை. பிறகு அவர் இஷ்டத்துக்கு. அதை வைத்து வாசிக்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஆனால் பேய் அதில் இருக்கிறது.

கண்டென்சர்கள் மாறி ஆம்ப் திரும்பி வந்தது. அடிச் சுரங்கள் இறுகியிருக்கின்றன, உறுமல் இல்லை. இரண்டாவது கேப்சரின் பிழை எண் முதல் முயற்சியிலேயே 0.01-க்குக் கீழே போய்விட்டது, நோயாளியைவிட ஆரோக்கியமானவரை நகலெடுப்பது சுலபம்தான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், இப்போது அதைத்தான் வாசிக்கிறார்.

யாராவது இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு கேப்சரோடும் ஒரு குறிப்புக் கோப்பு வையுங்கள்: எல்லாக் குமிழ்களின் நிலை, அன்றைய மெயின்ஸ் வோல்டேஜ், அறை வெப்பம், என்ன லோடு, உள்ளே அனுப்பிய சிக்னலின் அளவு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது தெரியாவிட்டால் அடுத்தவர் அதே நகலை இரண்டு மடங்கு சத்தத்தில் ஓட்டி, "என்ன இது இவ்வளவு கரகரப்பு" என்பார்.

ஆம்ப்பின் மூன்றாவது சேனலான வைப்ரேட்டோவை நாங்கள் தொடவே இல்லை. அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை சர்க்யூட் படத்திலிருந்து சமன்பாடாக எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். பாதி வால்வு வரை வந்திருக்கிறது.